மோட்டார் ரூம் சாவி யார் கையில்?

சாரத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் தோழர்களே, சகோதரிகளே, இந்தப் பதிவு உங்களுக்காகத்தான். சொந்த வீட்டில் இருப்பவர்களும் படியுங்கள். உங்க பிள்ளையும் நாளைக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு போர்ஷன் தேடி அலையத்தான் போகுது.

"வீட்டைக் காலி பண்ணு" என்று நேரடியாகச் சொல்லும் காலம் மலையேறிவிட்டது. அப்படிச் சொன்னால் நோட்டீஸ் விட வேண்டும், வக்கீலைப் பிடிக்க வேண்டும், கோர்ட்டில் காரணம் காட்ட வேண்டும், வருஷக்கணக்கில் அலைய வேண்டும். அவ்வளவு எதுக்கு? மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் போதுமே!

இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். முதலில் லிஃப்ட் நிற்கும். "ஆள் சொல்லியிருக்கேன், வருவாங்க" என்பார்கள். ஆள் வரவே மாட்டார். அடுத்து படிக்கட்டு பல்பு ஃபியூஸ் போகும், மாற்ற மாட்டார்கள். வாட்ச்மேன் ஊருக்குப் போனவர் திரும்ப மாட்டார். காலையும் மாலையும் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் காலையில் மட்டும் ஓடும். அப்புறம் அதுவும் அரை மணி நேரமாகும். ஒரு நாள் செப்டிக் டேங்க் நிரம்பி வழியும். லாரியைக் கூப்பிடுங்கள் என்றால், "எல்லாரும் ஷேர் பண்ணிக் குடுங்க" என்று பதில் வரும். மெயின்டனன்ஸ் என்று மாதா மாதம் வாங்கின காசு எங்கே போச்சு என்று கேட்டால், "இஷ்டம் இருந்தா இருங்க, இல்லன்னா வேற இடம் பாத்துக்குங்க."

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரிக்குத்தான் லிஃப்ட் நின்றது, பல்பு போனது, தண்ணீர் குறைந்தது எல்லாம்.

மூன்றாவது மாடியில் மூட்டுவலியோடு இருக்கும் பாட்டி எத்தனை நாள் படி ஏறுவார்? நைட் டியூட்டி முடிந்து காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வரும் நர்ஸ் பெண் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது என்றால், அவர் எத்தனை மாதம் பொறுப்பார்? கைக்குழந்தையை இடுப்பிலும் குடத்தைக் கையிலும் வைத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய் வரும் தாய் என்ன செய்வார்? போய்விடுவார்கள். "அவங்களா காலி பண்ணிட்டாங்க" என்று ஊர் சொல்லும். அடுத்த வாரமே லிஃப்டுக்கு உயிர் வந்துவிடும், சுவருக்குப் புது பெயின்ட் ஏறும், வாசலில் "டு லெட்" போர்டு தொங்கும், வாடகையும் சில ஆயிரம் கூடியிருக்கும்.

வாடகையைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைப்பது வாடகையை ஏற்றுவதுதான். ஆளை விரட்டுவதற்காகத் தண்ணீரைக் குறைப்பது கோர்ட் உத்தரவு இல்லாத வெளியேற்றம். "பராமரிப்புப் பிரச்சனை" என்று பேர் வைத்து இதை மூடி மறைக்க விடக்கூடாது.

"ஹவுஸ் ஓனர் வீடு, அவர் இஷ்டம்" என்று நம்மிலேயே பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நம்ம ஊரில் எந்தக் காலத்திலும் அப்படிச் சொன்னதில்லை.

பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே ஆரம்பிப்போம். 1819-இல் இங்கே நடைமுறைக்கு வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தில், வாடகைக்கு விடுகிறவரின் கடமைகள் 1719-ஆம் பிரிவில் இருக்கின்றன. பொருளை ஒப்படைக்க வேண்டும், எந்த உபயோகத்துக்காகக் கொடுத்தாரோ அதற்கு லாயக்கான நிலையில் அதைப் பராமரிக்க வேண்டும், குடியிருப்பவர் நிம்மதியாக அனுபவிக்க விட வேண்டும். காலனி ஆட்சியே கடமை என்று எழுதி வைத்த விஷயம் இது. இன்றைக்கு ஒரு அபார்ட்மென்ட் ஓனர் அதை ஏதோ தர்மம் செய்வது மாதிரி பேசுகிறார்!

பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு, யூனியன் பிரதேசம் ஆன பிறகு, 1969-இல் பாண்டிச்சேரி கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் வந்தது. பக்கத்து மாநிலத்தின் 1960-ஆம் வருஷச் சட்டத்தின் அச்சில் வார்த்தது. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினாலே "வாடகையைக் கட்டிப்போட்ட சட்டம்" என்று ஒரு கூட்டம் கத்தும். வாடகைக்கு உச்சவரம்பு வைப்பது அதில் ஒரு பகுதி மட்டும்தான். குடியிருப்பவர் அனுபவித்து வரும் வசதியைத் தக்க காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் நிறுத்தவோ தடுக்கவோ கூடாது என்பதும் அதே சட்டம்தான். தேவையான ரிப்பேரை அவர் செய்யாவிட்டால், ரென்ட் கன்ட்ரோலரிடம் அனுமதி வாங்கி நாமே செய்து, வரம்புக்கு உட்பட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். நியாய வாடகை நிர்ணயித்த வீட்டில் வசதி குறைந்தால் வாடகையையும் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "அக்ரிமென்ட் பதினோரு மாசம்தான், முடிஞ்சு போச்சு, நீ யாரு?" என்று மிரட்டுவார்கள். பதினோரு மாதக் கணக்கு எதற்கு வந்தது? ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், அந்தச் செலவைத் தவிர்க்க வந்தது. அவ்வளவுதான். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், காலம் முடிந்த பிறகும் தொடர்ந்து குடியிருப்பவர் வாடகைதாரர்தான். அவரை வெளியேற்ற வேண்டுமென்றால் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டி உத்தரவு வாங்க வேண்டும். அந்தக் காரணம் கையில் இல்லாதவர்தான் மோட்டார் ரூமைப் பூட்டுகிறார்!

சரி, இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? பயந்தாங்கொள்ளிகள் என்றா? கிடையாது. காரணம் அட்வான்ஸ். நம்ம வீட்டு நகையை அடகு வைத்து, சீட்டு எடுத்து, ஐந்து மாதம் பத்து மாதம் என்று கொடுத்த பணம் அவர் கையில் மாட்டியிருக்கிறது. தண்ணீர் வரவில்லை என்று மனு போட்டால், காலி செய்யும் அன்றைக்கு "பெயின்ட் செலவு, ஆணி அடிச்ச செலவு, பழைய கரண்ட் பில்" என்று அந்த அட்வான்ஸில் பாதி கரைந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். 2021 ஜூன் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கூடாது என்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டம் மூன்று மாதம் என்கிறது. காகிதத்தில் இருக்கிறது. புரோக்கரிடம் போய் "மூணு மாசம்தானே சட்டம்" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த வீட்டைக் காட்டவே மாட்டார்.

இரண்டாவது காரணம் ரசீது. வாடகையைக் கையில் கொடுத்தோம், ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. கோர்ட்டில் "இவர் யார்னே தெரியாது" என்று சொன்னால் நம்மிடம் என்ன இருக்கு?

மூன்றாவது, போலீஸ். தண்ணீரை நிறுத்திவிட்டார் என்று புகார் கொடுக்கப் போனால் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிவில் கோர்ட்டிலோ தேதி மேல் தேதி. தண்ணீர் வாய்தா கேட்டு வருமா? ஏப்ரல், மே வெயிலில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் ஒரு குடும்பம் இருந்து பார்க்கட்டும், சட்டப் புத்தகத்தின் கனம் அப்போது தெரியும்.

கரண்ட் விஷயம் இன்னும் மோசம். மூன்று போர்ஷனுக்கு ஒரே மீட்டர், உள்ளே ஆளுக்கொரு சப் மீட்டர். அரசு நிர்ணயித்த கட்டணத்தில் முதல் 100 யூனிட்டுக்கு ரேட் குறைவு, மேலே போகப் போகக் கூடும். மூன்று குடும்பத்தின் யூனிட்டும் ஒரே மீட்டரில் சேர்ந்தால் எல்லாம் உச்ச ஸ்லாபுக்குப் போய்விடும். ஏழைக்கு என்று வைத்த குறைந்த கட்டணம் அந்த ஏழைக்கு வந்து சேராது. அதற்கும் மேலே வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று போடுவார். தகராறு வந்தால் முதலில் கை வைப்பதும் ஃபியூஸ் கட்டையில்தான்.

இங்கே நமக்கு ஒரு ஆயுதம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மின்சாரச் சட்டம் 2003-இன் 43-ஆம் பிரிவு, கட்டடத்தின் உரிமையாளரோ அதில் குடியிருப்பவரோ கேட்டால் இணைப்புக் கொடுப்பது மின் விநியோகம் செய்பவரின் கடமை என்கிறது. "ஓனர் தடையில்லாச் சான்று வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பும் பழக்கத்துக்கு 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. திலீப் எதிர் சதீஷ் வழக்கு. மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டுக்காரர் சான்று தர மறுத்தார் என்பதற்காக வாடகைதாரருக்கு அதை மறுக்க முடியாது, விண்ணப்பித்தவர் அந்த இடத்தில் குடியிருக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்பை மின்துறை அலுவலகம் ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்க என்ன தடை? ஒரு ஜெராக்ஸ் காசுதானே!

நம்ம பகுதிக்கு மழையும் ஒரு பிரச்சனை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் மூழ்கி, ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. அந்த மாதிரி வெள்ளத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று தரைத்தளத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். சம்புக்குள் சாக்கடைத் தண்ணீர் இறங்கும். மோட்டார் காயில் எரிந்துபோகும். மீட்டர் போர்டில் ஷாக் அடிக்கும். மழை யார் குற்றமும் இல்லை, ஒத்துக்கொள்கிறோம். சம்பைக் கழுவி, குளோரின் போட்டு, மோட்டாரை மாற்றித் தருவது யார் பொறுப்பு? வாடகை வாங்கும் கை எதுவோ அதன் பொறுப்பு. வெள்ளம் வந்த மாதமும் வாடகை தேதி தவறாமல் வசூலாகத்தானே செய்கிறது?

இப்போது ஒரு கூட்டம் கேட்கும்: "வாடகைக் கட்டுப்பாடு இருந்தா ஓனருக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? பராமரிக்கக் காசு எங்கே இருந்து வரும்?" பதில் சொல்கிறோம். 1969 சட்டம் உங்கள் வாடகையை உறைய வைக்கவில்லை. யாராவது மனு போட்டால்தான் நியாய வாடகை நிர்ணயம். சாரத்தில் எத்தனை குடும்பம் அப்படி மனு போட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டுதான் வருகிறீர்கள், மார்க்கெட் ரேட்தான் வாங்குகிறீர்கள். மார்க்கெட் ரேட்டில் வாடகை வாங்குகிறவர் மார்க்கெட் ரேட்டில் தண்ணீரும் கொடுக்க வேண்டாமா? (ஊர்ப் பேரே சாரம். எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வீட்டுக்குச் சாரம் கட்டி இன்னொரு மாடி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. கட்டுப்படியாகாத தொழிலிலா இவ்வளவு மாடி?)

அதே சமயம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எல்லா ஹவுஸ் ஓனரும் வில்லன் இல்லை. மில் மூடின பிறகு, வந்த கொஞ்சப் பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்கும் தொழிலாளி குடும்பங்கள் நம்ம பகுதியிலேயே இருக்கு. கணவன் இறந்த பிறகு முன் போர்ஷன் வாடகையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அக்காக்கள் இருக்காங்க. அவர்களுக்கு மோட்டார் எரிந்தால் அது உண்மையிலேயே பெரிய செலவுதான். அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். செலவைப் பகிர வேண்டி வந்தாலும் எழுதி வைத்துக்கொண்டு பகிருங்கள். நாம் பேசுவது நாலு மாடி, எட்டு மாடி என்று கட்டி, பத்துப் பதினைந்து வீட்டு வாடகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்குப் போன் போட மனம் இல்லாதவர்களைப் பற்றி.

வெளியூர் என்ன செய்கிறது என்றும் பாருங்கள். முதலாளித்துவத்தின் தலைநகரம் என்கிறார்களே, அந்த நியூயார்க்கில் வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. அங்கே லிஃப்ட், வெந்நீர், குளிர்கால ஹீட்டர் இதில் எது குறைந்தாலும் குடியிருப்பவர் மாநில வீட்டுவசதித் துறைக்கு மனு போடலாம். வாடகை நெறிமுறைக்குள் வரும் வீடுகளில், குறை உண்மை என்று தெரிந்தால் கடைசியாக ஏற்றின தொகையைக் கழித்து வாடகை பழைய அளவுக்கு இறங்கிவிடும். சரி செய்து, துறையும் ஒத்துக்கொள்ளும் வரை ஏற்றவே முடியாது. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் ஆட்சியா நடக்குது? அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958-இன் 45-ஆம் பிரிவு, தண்ணீர், மின்சாரம், நடைவழி விளக்கு, படிக்கட்டு விளக்கு, துப்புரவு எல்லாவற்றையும் அத்தியாவசியச் சேவை என்று பேர் சொல்லி எழுதியிருக்கிறது. காலி செய்ய வைக்கத்தான் நிறுத்தினார் என்று தெரிந்தால், வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே "உடனே திறந்து விடு" என்று இடைக்கால உத்தரவு போடலாம்.

இந்த உரிமை எதுவும் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. 1915-இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள் மேரி பார்பர் தலைமையில் தெருவில் இறங்கி, ஏற்றின வாடகையைத் தர மாட்டோம் என்றார்கள். அந்த வருஷமே பிரிட்டன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டது. நம்ம ஊருக்கும் இது புதுசு இல்லை. எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளிகளைத் துப்பாக்கிக்குக் கொடுத்த ஊர் புதுச்சேரி.

மாதிரி வாடகைச் சட்டத்தைக் காட்டி "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் நல்லது இருக்கு, மறுக்கவில்லை. தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு எதையும் நிறுத்தக் கூடாது என்கிறது. ஆனால் வாடகை எவ்வளவு என்பதை "இருவரும் பேசி முடிவு செய்யட்டும்" என்று விட்டுவிட்டது. பத்து வீடு வைத்திருப்பவரும் ஒரு வீடு தேடுபவரும் சமமாக உட்கார்ந்து பேசுவார்களாம்! நிறுத்தினவருக்கு விதிக்கும் இழப்பீட்டுக்கும் இரண்டு மாத வாடகைதான் உச்சம். காலி செய்ய வைத்தால் அடுத்த ஆளிடம் அந்தக் காசை எத்தனை மாதத்தில் எடுத்துவிடுவார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய சட்டமோ புதுச் சட்டமோ, எந்தப் பேரில் இருந்தாலும் புதுச்சேரி அரசிடம் நாம் கேட்பது இதுதான்: தண்ணீர், கரண்ட், கழிவுநீர், லிஃப்ட் சம்பந்தமான மனு மீது ஏழு நாளுக்குள் இடைக்கால உத்தரவு வேண்டும். வசதி நின்ற நாள்களுக்கு வாடகை கழிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கினால் தண்டனை வேண்டும். குடியிருப்பவர் பேரில் தனி மின் இணைப்பு, ஓனர் கையெழுத்து கேட்காமல் கிடைக்க வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது சில இருக்கு. முக்கியமானதை முதலில் சொல்கிறோம்: கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள்! அவர் எதிர்பார்ப்பதே அதைத்தான். வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தார் என்பது வெளியேற்றத்துக்குச் சட்டம் ஒத்துக்கொள்ளும் காரணம். தண்ணீரை நிறுத்தியது அவர், வீட்டை இழப்பது நீங்கள் என்று ஆகிவிடும். வாங்க மறுத்தால், எந்த வங்கிக் கணக்கில் போடுவது என்று கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மணியார்டர். அதையும் திருப்பினால் வக்கீல் மூலம் ரென்ட் கன்ட்ரோலரிடம் டெபாசிட். இனிமேல் வாடகையைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ அனுப்புங்கள், "இன்ன மாத வாடகை" என்று குறிப்பும் போடுங்கள்.

தண்ணீர் வராத நாளை காலண்டரில் குறியுங்கள். நின்றுபோன லிஃப்ட், நிரம்பின டேங்க் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். "மோட்டார் போட மாட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் வந்த வாய்ஸ் மெசேஜை அழித்துவிடாதீர்கள், அதுதான் நாளைக்குச் சாட்சி. குறையை ஒரு தாளில் எழுதி, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தனியாக அனுப்பாதீர்கள். ஒரே கட்டடத்தில் எட்டு குடும்பம் இருந்தால் எட்டுப் பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஒருத்தரைக் காலி செய்ய வைக்கலாம். எட்டுப் பேரையும் ஒரே மாதத்தில் அனுப்பிவிட்டு, எட்டு வீட்டு வாடகையும் இல்லாமல் எந்த ஓனர் இருப்பார்?

வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தோழர்கள் அவ்வைத் திடல் சுற்றுவட்டாரத் தெருக்களிலும் காமராஜர் சாலையை ஒட்டிய குடியிருப்புகளிலும் வீடு வீடாக வருவார்கள். அக்ரிமென்ட் நகல், அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற விவரம், கடைசி மூன்று மாதக் கரண்ட் கணக்கு, மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்ற குறிப்பு, இவ்வளவையும் எடுத்து வையுங்கள். அக்ரிமென்டே இல்லை என்றாலும் பரவாயில்லை, கதவைத் திறந்து பேசுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்குபவர்கள் கட்சி அலுவலகத்துக்கு நேரில் வாருங்கள். பேர் வெளியே போகாது.